எண் நாற்பத்தேழு

வால்மோரெல் மாளிகையின் வாசலில்
எனக்கு இரண்டு வேலை.
வருகிறவர்களின் கோட்டை வாங்கி மாட்டுவது ஒன்று.
திருடிகளை முகம் பார்த்துப் பிரிப்பது மற்றொன்று.

திருடி என்றால் எதையும் எடுத்துப் போகாதவள்.
பென்சில் இருக்காது, தாள் இருக்காது.
கண்ணால் ஒருமுறை அளந்தால்
தோள் தையல் எங்கே இறங்குகிறது,
இடுப்பில் மடிப்பு எத்தனை
எல்லாம் இமைக்குள் போய்விடும்.
பிறகு ஏதோ ஒரு காபிக் கடைக் கழிப்பறையில்
தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு
இருபது உடைகளைத் தாளில் கக்கிவிடுவாள்.
மறுவாரம் அவை நியூயார்க் போய்ச் சேரும்.

ஐம்பத்து நான்கு, பிப்ரவரி.
பாரிஸில் குழாய்கள் உறைந்து வெடித்த வாரம்.
வெளியே பனி, உள்ளே கோடைக்கால உடைகள்.
பொன்பூச்சு நாற்காலிகளில்
விரல் நுழைய இடமில்லை.
ஒதில் வெர்ஷேர் வந்தாள்.
அழைப்பு அட்டையில் லியோன் நகரத்துத் தொப்பி வியாபாரி.
பொய்.
அவள் கோட்டின் உள்துணி ராணுவக் கம்பளி,
முத்திரைகூட அழியவில்லை.
ஆனால் அதைத் தைத்திருந்த தையல்!
எங்கள் மாடியில் அப்படித் தைக்க
இரண்டு பேருக்குத்தான் வரும்.
கோட்டை மாட்டினேன்.
வாயைத் திறக்கவில்லை.

லியூசியென் கையில் எண் அட்டையோடு நடந்தாள்.
நாற்பத்தேழு. சாம்பல் நிறப் பட்டு.
மூன்றாம் வரிசையில் ஒதிலின் விரல்கள்
முழங்காலில் மெல்லத் தட்டின,
கடன் கணக்கு எண்ணுகிறவள்போல.

எங்கள் முதலாளிக்குத் தெரியாததா?
அரசிகள் காலத்தில்
பொம்மைக்கு உடுத்தி வண்டியேற்றி
லண்டனுக்கும் வியன்னாவுக்கும் அனுப்பினார்களாம்,
பார்த்துத் தைத்துக்கொள்ளுங்கள் என்று.
போர் நடந்தபோதும்
பொம்மைக்கு மட்டும் வழிவிட்டார்களாம்.
ஜெர்மானியர் வந்து
இந்தத் தொழிலையே பெர்லினுக்குத் தூக்கிப்போகப் பார்த்தார்கள்.
அவர்கள் போன பிறகு ஊரில் துணி இல்லை.
மறுபடியும் பொம்மைகள், கம்பியில் செய்தவை.
ஒன்றின் கையுறையை நான் தைத்தேன்,
என் சுண்டுவிரலைவிடச் சிறியது.
அவையும் ஊர் ஊராய்ப் போயின,
பாருங்கள், பாருங்கள் என்று.
இப்போது பார்த்தவளைப் பிடிக்க
எனக்குச் சம்பளம்.

அக்டோபரில் பெல்வீலில்
குதிரைக்கறிக் கடைக்குப் போனேன்.
கல்லாவில் இருந்த பெண்ணின் மேல்
நாற்பத்தேழு.
பட்டு இல்லை, ரேயான்.
கழுத்துப் பட்டை சற்றே கோணல்.
ஆனால் கடல் தாண்டிப் போய்
யார் யார் கையிலோ உருண்டு திரும்பியதில்
பக்கவாட்டில் ஒரு பை முளைத்திருந்தது.
அவள் அதில் கைவிட்டு
மீதிச் சில்லறையை எடுத்துக் கொடுத்தாள்.
கையை வெளியே எடுத்தபோது
உடை மறுபடி தன் வடிவுக்கு வந்து நின்றது.
எங்கள் நாற்பத்தேழு அப்படி ஒருநாளும் நின்றதில்லை.
கறியை வாங்க மறந்து தெருவுக்கு வந்துவிட்டேன்.

மாளிகையில் இதை ஒருத்தியிடம் மட்டும் சொன்னேன்.
ஒருத்தியிடம் சொன்னால் போதாதா?

அடுத்த பருவம், எண் பன்னிரண்டு.
லியூசியென் நடுக்கூடத்தில் நின்றாள்,
எண் அட்டையை இடக்கைக்கு மாற்றினாள்,
வலக்கையை இடுப்போரம் நுழைத்தாள்.
கூடம் எழுந்து கைதட்டியது.
வால்மோரெலின் துணிச்சல் என்று
பத்திரிகைகள் எழுதின.
திரைக்குப் பின்னால் முதலாளி அழுதாராம்,
கனவில் கண்ட பையாம்.

ஒதில் கைதட்டவில்லை.
முழங்காலில் விரல்கள்:
ஒன்று, இரண்டு, மூன்று.

போகும்போது கோட்டை எடுத்துக் கொடுத்தேன்.
கொடுக்குமுன்
வேலை என்பதால்
அதன் பையைத் தொட்டுப் பார்த்தேன்.

ஒரு ரயில் சீட்டு.
வேறொன்றும் இல்லை.